தண்ணீர் இயந்திரத்தின் முணுமுணுப்பு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. கம்ப்யூட்டர் அக்கா என்றால் போதும், மருந்துக் கவுண்டர் முதல் பிணவறை வரை எல்லாரும் கை காட்டுவார்கள். டோக்கன் இயந்திரம் சீட்டைத் துப்பவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், டாக்டர் அறையில் ஏசி குளிரவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஏசிக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். "அதுலயும் ஒயர் இருக்குல்லக்கா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சண்டை போடுவதை விட்டுவிட்டாள்.

ஆள் குள்ளம், குரல் பெரிது. ஒரு வேலையைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். சாப்பாட்டு நேரம், வீட்டுக்காரரின் போன், மழை, எதுவும் காதில் ஏறாது. அப்பேர்ப்பட்டவளையே ஒரு தண்ணீர் இயந்திரம் மாதக்கணக்கில் ஆட்டிப் படைத்தது.

அவளுக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு அண்ணன். மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியிலும் அவரை லைன்மேன் என்றே கூப்பிடுவார்கள். அண்ணி போன பிறகு தங்கை வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். வந்த சூட்டோடு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை, தங்கை வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். டயாலிசிஸ் கட்டடம் ஒரு கோடி, அவளுடைய கம்ப்யூட்டர் அறை மறுகோடி. காலையில் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் வேலைக்கு ஓடிவிடுவாள். முடிந்ததும் அவளுடைய வீட்டுக்காரர் வண்டியில் வந்து மச்சானை ஏற்றிக்கொண்டு போவார்.

டயாலிசிஸ் என்றால் ரத்தம் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். அதுவும் குடிக்கிற தண்ணீரைவிடப் பல மடங்கு சுத்தமான தண்ணீர். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அதற்கென்று ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அலாரம் அலறும், அத்தனை நாற்காலிக்கும் தண்ணீர் நின்றுபோகும். பக்கத்துச் சின்னத் தொட்டியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம், அவ்வளவுதான். அந்த இயந்திரம் சில மாதங்களாக நினைத்தால் நின்றது, நினைத்தால் ஓடியது. காலை என்று இல்லை, மாலை என்று இல்லை. கேட்பாரில்லாத பிள்ளை மாதிரி அதன் இஷ்டத்துக்கு நடந்தது.

"இன்னிக்கும் நின்னுடுச்சு பாப்பா, அனுப்பிட்டாங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டு மாடி ஏறுவார். அவருடைய கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஒருநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க அண்ணனுக்கு டயாலிசிஸ் பத்தலம்மா. பாதிப் பாதியா முடிஞ்சா தண்ணி உடம்புலயே தங்கிடும். இப்படியே போனா இதயம் தாங்காது. மறைக்க விரும்பல, அதான் சொல்றேன்."

அதே வாரத்தில் சூப்பிரண்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். மாதக் கடைசிக்குள் இயந்திரம் சரியாகவில்லை என்றால் பிரிவை மூடிவிட்டு எல்லாரையும் பெருநகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்களாம். போக அரை நாள், வர அரை நாள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அவ்ளோ தூரமெல்லாம் என்னால ஆகாது பாப்பா. இங்க நடந்தா நடக்கட்டும். இல்லன்னா விடு."

விடு என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளோ அந்த இயந்திரத்தை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

கம்பெனி இன்ஜினியர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து போயிருந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்தார். குறைகள் என்ற பக்கத்தைத் திரையில் திறந்து காட்டினார். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மெஷின் ஒரு குறையும் சொல்லலயே மேடம். நான் எதைன்னு சரி பண்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இயந்திரம் தன் வாயால் எதையும் குறை என்று சொல்லியிருக்கவில்லை. அவர் போன பிறகு அவள் அந்தச் சின்ன அறையில் தனியாக நின்றுகொண்டு, அதன் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தாள். நீல நிற நெட்வொர்க் கேபிள் ஒன்று செருகியிருந்தது. அடக் கடவுளே, இது இத்தனை நாளாக யாரிடமோ பேசிக்கொண்டுதானே இருக்கிறது!

கணினிகளும் கணினி வைத்த இயந்திரங்களும் சும்மா இருப்பதில்லை. நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். எழுந்தேன், கதவு திறந்தது, அழுத்தம் இவ்வளவு, இன்னார் உள்ளே வந்தார் என்று சின்னச் சின்னச் செய்திகளாக அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றை வாங்கி எழுதிவைக்க ஒரு சேவை சர்வரில் ஓடும். லாக் என்பார்கள். ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு அவசரம் என்று காட்டும் ஒரு படியைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரும். உச்சிப் படி, ஊரே பற்றி எரிகிறது என்று பொருள். அதற்குக் கீழே ஆபத்து, பிழை, எச்சரிக்கை என்று இறங்கி, சும்மா தெரிவித்தேன், வெறும் பேச்சு என்பது வரை போகும். எந்தப் படியை எழுதிவைப்பது, எதைக் குப்பையில் போடுவது என்று சேவையின் அமைப்புக் கோப்பில் வரி வரியாக விதி எழுத வேண்டும்.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரே ஒரு விதிதான் எழுதியிருந்தார். பிழையும் அதற்கு மேலும் என்றால் எழுது, மற்றதெல்லாம் குப்பை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்து டிஸ்க்கில் இடம் கொஞ்சம். அவளும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, எதற்குக் கை வைப்பானேன் என்று தாண்டிப் போனவள்தான்.

"வாய் திறந்து கத்துறவங்களை மட்டும்தான் கேட்டுட்டு இருந்திருக்கோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அந்த விதியைத் தூக்கிவிட்டு, எல்லாப் படியும் எழுது என்று மாற்றினாள். சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். செய்திகள் அருவியாகக் கொட்டின. திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கூச்சல். டோக்கன் இயந்திரம் செத்துக் கிடந்தது. மருந்துக் கவுண்டரில் பில் வரவில்லை. புறநோயாளிகள் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டு, முன்னால் நிற்பவர்கள் பின்னால் நிற்பவர்களோடு கைகலப்புக்குத் தயாராக இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று சர்வரைப் பார்த்தவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அருவியைத் திறந்துவிட்டவள் அது எங்கே போய்த் தேங்கும் என்று யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் அத்தனை இயந்திரங்களும் வெறும் பேச்சாகப் பேசிப் பேசியே டிஸ்க்கை நிரப்பிவிட்டன. டோக்கனும் பில்லும் அதே டிஸ்க்கில்தான் குடியிருந்தன. அவை மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று.

சூப்பிரண்டு உட்காரச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டும்மா மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார். தப்பு என்னோடதுதான்."

"பழையபடியே வெச்சிடுங்க. இனிமே அந்த சர்வர்ல கை வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார். அந்த சர்வர்ல வைக்க மாட்டேன்."

சூப்பிரண்டுக்கு அந்தப் பதிலில் ஏதோ இடித்தது. ஆனால் வெளியே வரிசை கத்திக்கொண்டிருந்தது. கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அவள் நேராகப் போனது கழித்துப்போட்ட சாமான்கள் கிடக்கும் அறைக்கு. உடைந்த கட்டில்கள், சக்கரம் போன தள்ளுவண்டிகள், அவற்றின் நடுவே தூசி மண்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று. தூக்கிவந்து துடைத்தாள். அவளைத் தாண்டிப்போன ஆயா, "என்னக்கா, இதையும் டயாலிசிஸ்ல போடப் போறியா?" என்று கிண்டலடித்தாள்.

"போட்டாலும் போடுவேன். அந்தத் துணியைக் குடு இப்படி."

இந்த முறை அவசரப்படவில்லை. வாங்கின அடி போதும். இயந்திரங்களின் செய்திகளை இந்தக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு, லாக் சேவையைப் புதிதாக நிறுவி, அமைப்புக் கோப்பை முதல் வரியிலிருந்து தானே எழுதினாள். விதிகளை அந்தச் சேவை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிக்கும். ஒரு விதியில் இதோடு நிறுத்து என்று எழுதிவிட்டால் கீழே உள்ளவை அந்தச் செய்தியைப் பார்க்கவே பார்க்காது. அதனால் தண்ணீர் இயந்திரத்துக்கான விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அதனிடமிருந்து வருவது எந்தப் படியாக இருந்தாலும் சரி, தனிக் கோப்பில் எழுது, பிறகு நிறுத்து. மற்றவர்களுடைய வெறும் பேச்சைக் கழித்துக்கட்டு. கோப்பு ஒரு அளவைத் தாண்டினால் மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிய கோப்பைத் திற. ரொம்பப் பழசைத் தூக்கி எறி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சேவையையே ஒருமுறை சோதிக்கச் சொல்லிவிட்டு ஓடவிட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

தன் மேசையிலிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள். அதுவும் வந்து சேரவில்லை. கேபிளைப் பார்த்தாள், முகவரியைப் பார்த்தாள், எல்லாம் சரி. மண்டையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய கம்ப்யூட்டரின் பாதுகாப்புச் சுவர் நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து வருகிற எதையும் உள்ளே விடாதே என்று அது வாசலில் குந்தியிருந்தது. லாக் செய்திகள் வரும் வாசலை மட்டும் திறந்துவிட்டாள். அடுத்த நொடியே அவளுடைய சோதனைச் செய்தி வந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து தண்ணீர் இயந்திரத்தின் முதல் முணுமுணுப்பும் வந்தது. அழுத்தம் சரி, ஓடிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பாடா, வாயைத் திறந்தியா!" என்று அவள் உரக்கச் சொன்னதில் பக்கத்து அறைக் கணக்காளர் எட்டிப் பார்த்தார்.

இன்னொரு வில்லங்கம் இருந்தது. இயந்திரத்தின் உள்கடிகாரம் எங்கோ பழைய காலத்தில் நின்றுகொண்டிருந்தது. அது போடும் தேதியை நம்பினால் இன்றைக்கு நடந்தது எதுவும் இன்றைக்கு நடந்ததாக இருக்காது. ஆகவே அது சொல்லும் நேரம் கிடக்கட்டும், செய்தி இங்கே வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் எழுது என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு காத்திருந்தாள்.

இயந்திரம் சொல்லிவைத்தாற்போல ஒழுங்காக ஓடியது. வேண்டுமென்றே பழிவாங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மாதம் கரைந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை டோக்கன் மேலும் ஒரு கண்ணைப் பழைய கம்ப்யூட்டர் மேலும் வைத்து அவள் நடமாடினாள். வீட்டில் சோறு போடும்போதுகூட எங்கோ வெறித்துக்கொண்டிருந்தாள். "மச்சான், இவ உங்களைக் கட்டிக்கிட்டு அழறாளா, அந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழறாளான்னே தெரியல" என்றார் வீட்டுக்காரர். "மெஷினைத்தான் மாப்பிள்ளை, நான் எதுக்கு அவளுக்கு" என்றார் அண்ணன்.

ஒரு முற்பகலில் அது வந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்த நாள். திரையில் செய்திகள் வழக்கம்போல நகர்ந்துகொண்டிருந்தன. அழுத்தம் சரி. அழுத்தம் சரி. பிறகு: உள்வரும் நீரின் அழுத்தம் குறைவு, ஓய்வு நிலைக்குச் செல்கிறேன். அதன் நெற்றியில் இருந்த படியைப் பார்த்தாள். பிழை இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. அதற்கும் கீழே, தெரிவித்துக்கொள்கிறேன் என்ற படி. ஏழெட்டுப் பேருடைய ரத்தம் அந்தரத்தில் நிற்கும்போது இந்த மகானுபாவன் மரியாதையாகக் காதோரம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறான்! தண்ணீர் வராவிட்டால் தான் கெட்டுப்போகாமல் ஒதுங்கிக்கொள்வது அதைப் பொறுத்தவரை நல்ல நடத்தை. குறை என்றே அது நினைக்கவில்லை. அதனால்தான் இன்ஜினியரின் பக்கம் வெள்ளையாக இருந்திருக்கிறது.

அவள் எழுந்து ஓடினாள். வழியில் பிளம்பரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டயாலிசிஸுக்குப் போற தண்ணி லைன் வேற எங்கல்லாம் போகுது? சீக்கிரம் சொல்லு."

"கீழ சலவைக்குத்தான்க்கா போகுது. வேற எங்கயும் இல்ல. ஏன்க்கா?"

நிலவறைப் படிகளில் அவள் இறங்கிய வேகத்தைப் பார்த்த இரண்டு நர்ஸுகள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். கீழே சலவைப் பிரிவின் பொறுப்பாளர் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். நுரைக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் பெரிய சலவை இயந்திரங்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டீங்க?"

"ஆமா. ஆபரேஷன் தியேட்டர் துணி வந்தா உடனே எல்லாத்தையும் போட்டுடுவேன். ரத்தக்கறைம்மா, காஞ்சா போகாது. இருபது வருஷமா இப்படித்தான் போடறேன். என் வேலையில ஒருத்தன் குறை சொன்னதில்ல."

"குறை சொல்லல அண்ணே. இதுல ரெண்டை மட்டும் நிறுத்துங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் உண்மையிலேயே கும்பிட்டாள். நுரைக்காரர் மிரண்டுபோய் இரண்டை நிறுத்தினார். அவள் கைபேசியில் மேலேயிருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வரி வந்தது: அழுத்தம் திரும்பியது, மறுபடி ஓடுகிறேன். அவள் அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் தியேட்டர் துணி வந்த வேளையும் இயந்திரம் நின்ற வேளையும் பிசகாமல் ஒத்துப்போயின.

சூப்பிரண்டு அறையில் கூட்டம் நடந்தது. இந்த முறை உட்காரச் சொன்னார். அவள் லாக்கை அச்செடுத்து மேசையில் விரித்தாள். நுரைக்காரர் தன் பேர் கெட்டுவிடுமோ என்று விறைப்பாக வந்திருந்தார். சலவை இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் போதும், யாரும் எதையும் நிறுத்த வேண்டாம், பிறகு பிளம்பர் தனி லைன் போட்டுவிடுவார் என்றதும், "அட, இதை முதல்லயே கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பேனே" என்று இறங்கி வந்தார்.

இனிப் பிரிவை மூட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, சூப்பிரண்டு தாளைப் புரட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம்தானே நிக்குது. தானாவே ஓட ஆரம்பிச்சிடுதே. அப்ப யாருக்கும் டயாலிசிஸ் பாதியில நிக்கலையே?"

டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர் பதில் சொன்னாள். "இல்ல சார். காத்திருக்க வெச்சு முழுசா முடிச்சுத்தான் எல்லாரையும் அனுப்பறேன். லேட் ஆகும், அவ்வளவுதான். இவங்க அண்ணன் மட்டும்தான்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

கம்ப்யூட்டர் அக்கா அவளைப் பார்த்தாள். "என் அண்ணன் மட்டும் என்ன?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்க்கா. அலாரம் அடிச்சதுமே, என்னை எடுத்துடும்மான்னு நிப்பார். தொட்டியில கொஞ்சம்தானே தண்ணி இருக்கு, பக்கத்துச் சேர் பொண்ணுக்கு ஓடட்டும், அவளுக்குச் சின்னக் குழந்தைங்க இருக்குன்னு சொல்வார். வேணாம் லைன்மேன் சார், இப்ப வந்துடும்னு எவ்வளவோ சொல்வேன். கேக்க மாட்டார். தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன்னு கிளம்பிடுவார்."

கம்ப்யூட்டர் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் விரித்துவைத்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

அன்று மாலை மாடி ஏறினாள். அண்ணன் கட்டிலில் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நின்னுடுச்சு, அனுப்பிட்டாங்கன்னு சொன்னியே அண்ணா. யாரு அனுப்பினா?"

அவர் அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சிஸ்டர் சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"அது இல்ல பாப்பா. பக்கத்துல அந்தப் பொண்ணு இருக்கு பாரு, அதுக்கு ரெண்டும் பால்குடி மறக்காத பசங்க. தண்ணி அதுக்காவது..."

"கதை விடாத!" அவள் போட்ட சத்தம் கீழே சமையலறை வரை கேட்டது. "எல்லாரும் உக்காந்து முழுசா முடிச்சுட்டுப் போயிருக்காங்க. நீ எழுந்து வராட்டியும் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உனக்கே தெரியும்."

அவர் காலைத் தலையணையிலிருந்து இறக்கினார். பிறகு, "தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன்?"

"அலாரம் அடிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும் பாப்பா. உன்மேல சத்தியமா. ஒரு சாக்கு கிடைச்சுதேன்னு எழுந்துடுவேன். முதல் தடவை நிஜமாவே அந்தப் பொண்ணுக்காகத்தான் எழுந்தேன். வெளிய வந்தேனா, காத்து மூஞ்சில அடிச்சுது. அதுக்கப்புறம் எப்படா அலாரம் அடிக்கும்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். அது அடிக்காத நாள்ல முழுசா முடிச்சுட்டு வருவேன், பொணம் மாதிரி."

அவளுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தன. "நான் மாசம் முழுக்க அந்த மெஷினோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அதுதான் உன்னைக் கொல்லுதுன்னு நினைச்சேன். ஊரே காறித்துப்பற மாதிரி டோக்கனை நிறுத்தி, சூப்பிரண்டுகிட்டத் திட்டு வாங்கி... நீ என்னடான்னா படுத்துக்கிட்டு அலாரம் எப்ப அடிக்கும்னு பாத்துட்டு இருந்திருக்க!"

"இப்படியே இழுத்துட்டு இருந்து என்ன ஆகப் போகுது, சொல்லு. எனக்குன்னு யாரு இருக்கா?"

"நான் ஒருத்தி இங்க நிக்கிறேனே, கண்ணு தெரியலையா? எனக்கு அண்ணன் வேணும். வேற காரணம் எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு நீ வேணும், அவ்வளவுதான்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாலு மணி நேரம் கையைக் காலை அசைக்காம, பேச ஆளில்லாம, மேல ஓடற ஃபேனையே பாத்துட்டுப் படுத்துப் பாரு. அப்பத் தெரியும்" என்றார் சுவரிடம்.

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் சூப்பிரண்டு முன்னால் போய் நின்றாள். லாக்கைச் சில வாரத்துக்கு இயந்திரத்தின் பக்கத்திலிருந்தே கவனிக்க வேண்டும், அதனால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி வேண்டும் என்றாள். பச்சைப் பொய். அந்த லாக்கை எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பக்கத்துலேர்ந்தேதான் பாக்கணுமா?"

"ஆமா சார். கட்டாயம்."

"பாருங்க" என்று சொல்லிவிட்டு வேறு கோப்பை எடுத்துக்கொண்டார்.

அடுத்த முறை அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபோது பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப்போடு அவள் உட்கார்ந்தாள். அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். போலீஸ் காவலா என்று கேட்டார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதான் உன் கூட்டாளி. என்ன சொல்லுதுன்னு பாரு."

"அழுத்தம் சரி, அழுத்தம் சரி... இதுக்கு வேற வேலை இல்லையா? புது மாப்பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் சரி சரிங்குது."

பக்கத்துச் சேர் பெண் களுக்கென்று சிரித்தாள். பாதி நேரம் போனதும் அவர் நெளிய ஆரம்பித்தார். அலாரம் அடிக்கவில்லை. இனி அடிக்கப்போவதும் இல்லை. கீழே நுரைக்காரர் ஒன்றை நிரப்பி முடித்துவிட்டு இன்னொன்றைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணன் சிஸ்டரைக் கூப்பிட்டார்.

"போதும்மா, எடுத்துடு."

சிஸ்டர் தங்கையைப் பார்த்தாள். தங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான் என்ன, நீ விதி எழுதி வெச்சா நடக்கறதுக்கு உன் கம்ப்யூட்டரா?" என்று அவர் சீறினார்.

"கம்ப்யூட்டர் சொன்னா கேக்கும். நீ எங்க கேக்கற? படு அண்ணா. நானும் எழுந்திருக்கல பாரு, இங்கேயேதான் இருக்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமானது. துடைக்க அவருக்குக் கை இல்லை, ஒரு கையில் ஊசி, ஒரு கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. அவள் தன் கையால் துடைத்தாள். அதற்குப் பிறகு புயலில் ஒரு கம்பத்தின் மேல் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தார். அது அவள் கேட்காத கதை. சிஸ்டரும் பக்கத்துச் சேர் பெண்ணும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நடுவில் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது. சார்ஜர் மறுகோடிக் கட்டடத்தில் கிடந்தது. அவள் மூடியைச் சாத்திவிட்டு, "அப்புறம் எப்படி இறங்கின?" என்று கேட்டாள்.

நாலு மணி நேரமும் முடிந்தது. சிஸ்டர் ஊசிகளை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். எடை பார்க்கும் மேடையில் ஏற்றினாள். இறங்க வேண்டிய அளவுக்கு எடை இறங்கியிருந்தது. பல வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முழுசு என்றாள். அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி வாசல் வரை வந்தார். அங்கே நின்று மூச்சை இழுத்துவிட்டார்.

"நாளன்னிக்கு வரும்போது அந்த சார்ஜரை எடுத்துட்டு வா" என்றார்.

"எதுக்கு?"

"சார்ஜ் போயிடுச்சு, வேலை கெடக்குன்னு நீ பாட்டுக்குப் பாதியில எழுந்து போயிடப் போற."